நாக்கு மீனும் கடன் தவணையும்

போன மாதம் சென்னையிலிருந்து மச்சினர் குடும்பத்தோடு வந்திருந்தார். மங்களூர் வந்துவிட்டு மீன் சாப்பிடாமல் போனால் எப்படி என்று எல்லோரையும் ஒரு பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். மெனுவில் 'சோல்' என்று போட்டிருந்ததைப் பார்த்து மச்சினரின் பெண் அதையே கேட்டாள். வெள்ளை வெளேரென்று, விரல் தடிமனில், முள்ளே இல்லாத துண்டு ஒன்று வந்தது. சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "இது சோல் இல்லைம்மா, பாசா. வியட்நாம் ஆற்றுக் கெளுத்தி" என்றேன். மனைவி முறைத்தாள். மச்சினர் சிரித்தபடி, "பேங்க்காரருக்கு மீன் வரலாறு எல்லாம் எதுக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

அங்கே பதில் சொன்னால் மீன் ஆறிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையார். மங்களூருக்கு மாற்றலாகி வந்தது 2004-ல். வந்த முதல் வாரமே மீன் மார்க்கெட்டில் தட்டையாக, நீளமாக, ஓலைக்கீற்றை வெட்டிப் போட்டது போல ஒரு குவியல். "நங்கு" என்றார் விற்ற அம்மா. பார்த்தால் நம்ம ஊர் நாக்கு மீன்! கோழிக்கோட்டுப் பக்கம் இதையே மாந்தள் என்கிறார்கள். கோவாவிலும் மும்பையிலும் லேப்போ. வெளியூரில் இருக்கும் நம் ஆட்கள் இந்தப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டால் மார்க்கெட்டில் உதவும்.

பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. டச்சுக்காரர்கள் இந்தக் குடும்பத்து மீனை 'டோங்' என்கிறார்கள், நாக்கு என்று அர்த்தம். ஜெர்மன்காரர்களுக்கு இது கடல் நாக்கு. ஸ்பெயின்காரர்கள் வைத்த பெயரிலும் நாக்குதான். ஆங்கிலேயர்கள் மட்டும் பிரெஞ்சு வழியாக லத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டு 'சோல்' என்றார்கள். அதற்குச் செருப்பு என்று பொருள். நம்மவர்களும் டச்சுக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே பெயரில் போய் நின்றிருக்கிறோம்.

எங்கள் ஊர்ப் பெருமையையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மன் பாதிரியார் ஜான், உள்ளூர் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீனியல் அறிஞருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1801-ல் வெளிவந்த பிளாக்–ஷ்னைடர் நூலில் தரங்கம்பாடித் தட்டைமீன் ஒன்றுக்கு 'எருமெய்' என்றே அறிவியல் பெயர் விழுந்தது. நம் மீனவர்கள் எருமைநாக்கு என்று சொல்வார்களே, அதுதான். அது சோல் குடும்பம் இல்லை, தூரத்துச் சொந்தம். ஆனாலும் உலகத்தின் எந்த மூலையில் அந்த மீனைப் பற்றி எழுதினாலும் நம்ம ஊர் எருமையை எழுதியே தீரவேண்டும் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நாக்கு மீன் குஞ்சு பொரிக்கும்போது மற்ற மீன்களைப் போல இரு பக்கமும் கண்ணோடுதான் இருக்கும். சில வாரங்களில் ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கம் போய்விடும். ஐரோப்பிய சோலுக்கு இரண்டு கண்ணும் வலப்பக்கம், நம் நாக்கு மீனுக்கு இடப்பக்கம். பிறகு வாழ்நாள் முழுக்கத் தரையோடு தரையாகப் படுத்த கோலம்தான். ஐரோப்பிய சோல் பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும், ராத்திரியில் வெளியே வந்து புழு தேடும்.

இந்த மணலில் புதையும் குணத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே நீந்தும் மீனுக்கு வலை விரித்துக் காத்திருக்கலாம். மணலுக்குள் கிடப்பதைக் கிளப்ப வேண்டுமானால் தரையைச் சுரண்ட வேண்டும். சுரண்டக் கனமான வலையும் சங்கிலியும் வேண்டும். அதை இழுக்கப் பெரிய எஞ்சின் வேண்டும். எஞ்சினுக்குக் கடன் வேண்டும். கடன் என்று வந்தால் என்னைப் போன்ற ஒருவன் கையெழுத்துப் போட வேண்டும். மச்சினரின் கேள்விக்குப் பதில் இதுதான். இருபது வருஷமாக விசைப்படகுக் கடன் கோப்புகளைப் பார்த்து வருகிறேன். எந்த நாட்டு நாக்கு மீனின் கதையைப் படித்தாலும் நடுவில் ஒரு கடன் கோப்பு தட்டுப்படுகிறது.

முதலில் இங்கிலாந்து. தெற்குக் கடற்கரையில் பிரிக்ஸம் என்ற சிற்றூர்க்காரர்கள் பாய்மரப் படகில் இழுவலை போடுவதில் கெட்டிக்காரர்கள். மீன் தேடி மெல்ல மெல்லக் கிழக்கே வடகடலுக்கு வந்தார்கள். 1840-ஐ ஒட்டிய வருஷங்களில், கடுங்குளிர் ஒன்றின்போது, டாகர் திட்டுக்குத் தெற்கே இருந்த ஆழமான பள்ளம் ஒன்றில் வலையை இறக்கினார்கள். ஆழமில்லாத நீர் உறைகிற அளவுக்குக் குளிர்ந்துவிட்டதால் சோல் மீன்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் பள்ளத்தில் ஒதுங்கியிருந்தன. வலை கொள்ளாத அளவுக்கு மீன். அந்த இடத்துக்கு 'வெள்ளிப் பள்ளம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதே சமயத்தில், 1840-ல், ஹல் துறைமுகத்துக்கு ரயில் வந்தது. பனிக்கட்டி போட்டு ரயிலேற்றினால் மீன் உள்நாட்டுத் தொழில் நகரங்களுக்குப் போய்விடும். தெற்கிலிருந்து மீனவக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஹல்லுக்குக் குடிபெயர்ந்தன. கூலிக்குப் போனவர்கள் கடன் வாங்கிப் படகு முதலாளி ஆனார்கள். ஆள் போதாமல், அநாதைச் சிறுவர்களை வேலை பழக்குகிறேன் என்று படகில் ஏற்றினார்கள். அந்தப் பையன்களில் கடலோடு போனவர்கள் ஏராளம். அது தனிப் பதிவாக எழுத வேண்டிய சோகம்.

யோசித்துப் பாருங்கள். அந்த மீன்கள் பெருகி வழிந்ததால் அங்கே கூடவில்லை. குளிருக்குப் பயந்து ஒரே மூலையில் ஒண்டியிருந்தன. கரையில் இருந்தவர்களுக்கு அது கடலின் செல்வமாகத் தெரிந்தது, அதை நம்பிப் படகு கட்டினார்கள். ஒரு வருஷத்துக் கணக்கை எல்லா வருஷத்துக்குமான கணக்காக எடுத்துக்கொள்வது எங்கள் தொழிலில் இன்றைக்கும் நடப்பதுதான்.

சில வருஷங்களிலேயே மீன் குறைகிறது என்று சிறு மீனவர்கள் முறையிட ஆரம்பித்தார்கள். அரசு 1863-ல் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. அதில் பெரிய விஞ்ஞானி டாமஸ் ஹக்ஸ்லி ஓர் உறுப்பினர். கட்டுப்பாடுகளை எடுத்துவிடுங்கள், யார் எப்படி வேண்டுமானாலும் பிடிக்கட்டும் என்று 1866-ல் அறிக்கை வந்தது. 1883-ல் லண்டன் மீன்வளக் கண்காட்சியில் பேசியபோதும், பெரிய கடல் மீன்வளங்கள் வற்றாதவை என்ற கருத்தையே ஹக்ஸ்லி சொன்னார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1881-லேயே, கிரிம்ஸ்பிக்காக முதல் நீராவி இழுவைக் கப்பல் தண்ணீரில் இறங்கியிருந்தது. அவர் மனதில் இருந்தது பாய்மரக் காலத்துக் கடலாக இருக்கலாம். 1900-ல் வால்டர் கார்ஸ்டாங் என்பவர் பத்து வருஷத்துப் புள்ளிவிவரத்தை உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தார். மொத்தப் பிடிப்பு கூடியிருந்தாலும், ஒவ்வொரு படகின் திறனுக்கும் கிடைக்கும் மீன் குறைந்துகொண்டே வருவது தெரிந்தது. 1902-ல் கோபன்ஹேகனில் சர்வதேசக் கடலாய்வு மன்றம் பிறந்தது. மீனை எண்ணுவதற்கு இன்றுவரை ஐரோப்பா அதன் வாயைத்தான் பார்க்கிறது.

கடனே இல்லாமலும் கடலைக் காலி பண்ணலாம் என்பதற்கு பசிபிக் பக்கம் ஒரு கதை இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் 'மஞ்சள்துடுப்பு சோல்' என்று ஒரு தட்டைமீன். உண்மையில் அது சோல் குடும்பம் இல்லை. அமெரிக்காவில் தட்டையாக இருப்பதையெல்லாம் சோல் என்று விற்றிருக்கிறார்கள், நம்ம ஓட்டல்காரர் பரவாயில்லை! 1950-களின் கடைசியில் ஜப்பானும் சோவியத் யூனியனும் அங்கே கப்பல் படையையே இறக்கின. 1961-ல் மட்டும் ஐந்தரை லட்சம் டன் அள்ளினார்கள். அதில் பெரும்பங்கு மீன்மாவுக்கு. அடுத்த சில வருஷங்களிலேயே பிடிப்பு சரிந்தது. 1976-ல் அமெரிக்கா இருநூறு மைல் சட்டம் கொண்டுவந்து வெளிநாட்டுக் கப்பல்களைப் படிப்படியாக வெளியேற்றியது. பிறகு ஒரு உச்சவரம்பு: அந்தப் பகுதியில் எல்லாத் தரைமீனும் சேர்த்து வருஷத்துக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் கூடாது. கப்பல்தோறும் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருப்பார். மீன் திரும்பி வந்தது. இன்று உலகத்தின் மிகப் பெரிய தட்டைமீன் தொழில்களில் அது ஒன்று. முடியாது என்று சொல்பவர்களுக்காக இதைச் சொன்னேன். ஆனால் அங்கே இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய கப்பல்கள், கட்டுப்படுத்துவது சுலபம். மங்களூர் தக்கேயில் (இங்கே படகுத்துறையைத் துளுவில் அப்படித்தான் சொல்வார்கள்) ஒரு காலை வந்து பாருங்கள், படகை எண்ணி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும்.

எனக்கு நெருக்கமாகப் படுவது டச்சுக்காரர்களின் கதைதான்.

உர்க் என்று ஒரு ஊர். முன்பு தீவாக இருந்தது. சுற்றிலும் இருந்த உள்கடலை 1932-ல் அணை போட்டு அடைத்துவிட்டார்கள். கடல் ஏரியானது, 1939-ல் தீவு நிலத்தோடு சேர்ந்தது. மீனவர்கள் விவசாயத்துக்குப் போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அவர்கள் போகவில்லை. வடகடலுக்குப் போனார்கள். பக்தியும் பிடிவாதமும் கூடிய ஜனங்கள், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். கடலே இல்லாத அந்த ஊரில்தான் நெதர்லாந்தின் பெரிய தட்டைமீன் ஏலச் சந்தை இருக்கிறது.

1962-63 குளிர்காலம் ஐரோப்பாவில் பயங்கரம். வடகடலின் தென்பகுதியில் சோல் மீன்கள் குளிரில் செத்தன. பிழைத்தவையும் ஆழமான இடங்களில் அடைந்து கிடந்து வலையில் சிக்கின. வெள்ளிப் பள்ளம் மறுபடியும்! எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில், 1963 வசந்தத்தில் பிறந்த குஞ்சுகள் கணக்கில்லாமல் பிழைத்தன. அத்தனை பெரிய ஒரு தலைமுறையை விஞ்ஞானிகள் அதற்கு முன் கண்டதில்லை. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து வலைக்கு வந்த 1960-களின் பிற்பாதியில் டச்சுக்காரர்களின் கையில் புதிய உபகரணமும் தயாராக இருந்தது. படகின் இரு பக்கமும் இரும்புச் சட்டம் வைத்த இழுவலை, வலைக்கு முன்னால் மணலைக் கிளறும் கனத்த சங்கிலிகள். சங்கிலி கூடக் கூட சோல் கூடும், சங்கிலி கூடக் கூட எஞ்சினும் பெரிதாக வேண்டும். சில நூறு குதிரைத்திறனில் தொடங்கியது 1980-களில் 2000-ஐத் தாண்டிவிட்டது. வங்கிகள் தாராளமாகக் கொடுத்தன. அரசும் முதலீட்டு ஊக்கத்தொகை என்று 1978 முதல் தன் பங்குக்கு ஊற்றியது.

ஆளுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று 1976-லேயே சோலுக்கு நெதர்லாந்தில் தனிநபர் ஒதுக்கீடு வந்துவிட்டது. 1983-ல் ஐரோப்பிய அளவிலும் வரம்பு வந்தது. ஆனால் 2000 குதிரைத்திறன் படகின் தவணையை அந்த ஒதுக்கீட்டுக்குள் கட்ட முடியாது. என்ன செய்வார்கள்? கணக்கில் காட்டாமல் இறக்கினார்கள். ஒரு மீனைப் பிடித்து வேறு மீனின் பெயரில் எழுதினார்கள். அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். விவகாரம் முற்றி, 1990-ல் விவசாய, மீன்வள அமைச்சர் கெரிட் பிராக்ஸ் பதவி விலக நேர்ந்தது. மீன் கணக்கில் ஒரு அமைச்சர் தலை உருண்டது எனக்குத் தெரிந்து அபூர்வம். பிறகு மீனவர்களையே குழுக்களாகச் சேர்த்து, ஒதுக்கீட்டை அவர்களே பார்த்துக்கொள்ளும்படி செய்தார்கள். முன்னாள் பிரதமர் பீஸ்ஹூவல் பெயரில் அந்தக் குழுக்கள் 1993-ல் வந்தன. அது ஓரளவு நன்றாகவே வேலை செய்தது என்று சொல்ல வேண்டும். அவனவன் கணக்கை அவனவன் பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறான் என்றால் ஏமாற்றுவது கஷ்டம்தானே.

அடுத்து டீசல். 2000-களில் விலை ஏற ஏற, கனத்த சங்கிலியை இழுக்கும் படகுகள் நஷ்டத்தில் ஓடின. அப்போது வந்தது மின்துடிப்பு வலை. சங்கிலிக்குப் பதிலாக மின்கம்பிகள். லேசான மின்துடிப்பு பட்டதும் சோலின் தசை சுருங்கி, உடம்பு வளைந்து மணலிலிருந்து எழும்பிவிடும், வலை அள்ளிக்கொள்ளும். வலை லேசு, வேகம் குறைவு, தரை அதிகம் கிளறப்படாது, டீசல் ஏறக்குறைய பாதி மிச்சம். மின்சாரத்தால் மீன் பிடிப்பது ஐரோப்பாவில் தடை செய்யப்பட்ட ஒன்று. இருந்தாலும் சோதனை, விதிவிலக்கு என்ற பெயரில் அனுமதி வாங்கினார்கள். 2014 வாக்கில் 84 படகுகள் வரை அனுமதி பெற்றிருந்தன. ஒவ்வொரு படகும் லட்சக்கணக்கான யூரோ கடனில் மாறியது.

பிரெஞ்சுச் சிறுபடகுக்காரர்களும் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்காரர்களும் கொதித்தார்கள். எங்கள் கரையோரத்தில் வந்து வழித்துக்கொண்டு போகிறார்கள், பின்னால் போகும் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்றார்கள். 2018 ஜனவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தடைக்கு வாக்களித்தது. 2021 ஜூலை முதல் முழுத் தடை. இதில் கசப்பான விஷயம், கனத்த சங்கிலியோடு ஒப்பிட்டால் மின்துடிப்பினால் கடல்தரைக்குச் சேதம் குறைவு என்று 2020-ல் அதே கடலாய்வு மன்றம் சொன்னதுதான். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், இரண்டு பக்கமும் என்பேன். ஆய்வுக்கூடத்தில் மீனுக்கும் மணலுக்கும் என்ன ஆகும் என்று அளந்தார்கள். பக்கத்துச் சிறுபடகுக்காரன் வீட்டு அடுப்புக்கு என்ன ஆகும் என்பது அந்த அளவுகோலில் இல்லை.

தடை வந்தபோது தவணை பாக்கி இருந்தது. பழைய சங்கிலிக்குத் திரும்பினார்கள், 2022-ல் உக்ரைன் போரால் டீசல் விலை எகிறியது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதில் ஒதுக்கீடும் குறைந்தது. சோலுக்கான வரம்பும் 2022-க்குப் பிறகு வெகுவாக வெட்டப்பட்டது. அரசு ஈட்டுத்தொகை கொடுத்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட படகுகள் உடைப்புக்குப் போயின. 1990-களின் தொடக்கத்தில் வடகடலில் வருஷத்துக்கு 30,000 டன்னுக்கு மேல் சோல் பிடித்த தொழில் அது.

இப்போது நம் கரை. இங்கே கிடைப்பது 'மலபார் சோல்', சாண் நீளம்கூட வராத சின்ன மீன். 1950-களில் கோழிக்கோடு வெஸ்ட் ஹில்லில் இருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் சேஷப்பா, பீமாச்சார் என்ற இருவர் இந்த மீனின் செதில்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். மரத்தில் இருப்பது போல செதிலில் வளையம். குளிர்நாட்டு மீனுக்குக் குளிர்காலத்தில் விழும் வளையம், இங்கே தென்மேற்குப் பருவமழையின்போது விழுந்திருந்தது. மழைக்காலப் பட்டினி செதிலில் எழுதியிருக்கிறது என்று கண்டுசொன்னார்கள். மழைக்கு ஆழத்துக்குப் போகும் மீன், மழை ஓய்ந்து செப்டம்பர் வாக்கில் கரையோரம் கூட்டமாகத் திரும்பும். வள்ளக்காரர்கள் அப்போது பிடித்து, தின்றது போக மிச்சத்தை மணலில் காயவைத்துக் கருவாடாக்குவார்கள். பெரும்பாலும் ஓரிரண்டு வருஷமே வாழும் மீன் இது. அதனால் ஒரு வருஷம் கெட்டால் அடுத்த வருஷமே தெரிந்துவிடும். நல்ல வருஷம் வந்தாலும் அப்படியே.

1952-ல் நார்வே நாட்டுடன் ஒப்பந்தம் போட்டு, கொல்லம் பக்கம் நீண்டகரையில் மீனவர்களுக்கு எஞ்சின் படகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அது இறால் இழுவைப்படகில் போய் முடிந்தது. இறாலுக்குப் போட்ட வலையில் நாக்கு மீன் தானாக வந்தது. தரையைச் சுரண்டுகிற வலைக்கு இரண்டும் ஒன்றுதான். வள்ளக்காரர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1988-ல் கேரளம் மழைக்கால இழுவைத் தடையைக் கொண்டுவந்தது. இப்போது கர்நாடகத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.

தடை முடிந்த ஆகஸ்டில் தக்கேக்குப் போனால் கூடை கூடையாக நங்கு. போன வருஷம் ஒரு காலை, படகிலிருந்து கூடை இறக்கிக்கொண்டிருந்த பையன் தமிழில் யாரையோ திட்டினான். கேட்டால் தொண்டிப் பக்கமாம். இங்கே படகுகளில் நம் ஆட்கள் நிறைய. ஒரு கூடையில் விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள்.

"இது என்ன தம்பி, இதை யார் வாங்குவா?"

"இது சங்காயம் சார். மாவு மில்லுக்குப் போவுது."

"இவ்வளவு பொடிசையா?"

"டீசல் காசாச்சும் வரணும்ல சார். முதலாளிக்குத் தவணை இருக்கு."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2012-ல் உள்ளூர் மீனவர் ஒருவர் கடன் கேட்டு வந்தார். ஐம்பதைத் தொட்ட வயது, முப்பது வருஷம் அடுத்தவர் படகை ஓட்டியவர். பழைய விசைப்படகு ஒன்று விலைக்கு வந்திருந்தது, பெரிய எஞ்சின் வைத்து எடுக்க ஆசைப்பட்டார். முந்தைய இரண்டு வருஷமும் நல்ல பிடிப்பு, காகிதமெல்லாம் சுத்தம். கடன் திட்ட அறிக்கையில் 'எதிர்பார்க்கும் ஆண்டு வளர்ச்சி' என்று ஒரு கட்டம் இருக்கும். பத்து சதவிகிதம் என்று நிரப்பினேன். எல்லாக் கோப்பிலும் அதைத்தான் போடுவோம், மளிகைக் கடைக்கும் அதுதான், மாவு மில்லுக்கும் அதுதான். வருஷா வருஷம் மீன் பத்து சதவிகிதம் கூடும் என்று என் கைப்பட எழுதி, கீழே முத்திரை குத்தியிருக்கிறேன். ஹக்ஸ்லியைச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை?

நான்கு வருஷத்தில் படகு ஏலத்துக்குப் போனது. ஏற்கெனவே ஐந்தாறு படகு வைத்திருந்த ஒருவர் எடுத்தார். இவர் இப்போது அதே படகில் டிரைவர். வீட்டுப் பத்திரமும் ஈட்டில் இருந்ததால் மூத்த மகளின் படிப்பு பாதியில் நின்றது என்று பிற்பாடுதான் தெரியவந்தது. என்னை எங்கே பார்த்தாலும் "நமஸ்காரா சார்" என்று சிரிப்பார். ஒரு தடவையாவது திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் கேட்டார்கள், நீங்கள் கொடுக்காவிட்டால் வேறு யாராவது கொடுத்திருப்பார்கள் இல்லையா என்று. கொடுத்திருப்பார்கள்தான். டச்சு வங்கிக்காரரும் வீட்டில் இதே சமாதானத்தைக் கேட்டிருப்பார்.

தொண்டித் தம்பியை இந்த மே மாதக் கடைசியில் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இங்கே தடை தொடங்குகிறது, அவன் ஊருக்குக் கிளம்பிவிட்டான். ஓய்வெடுக்கவா என்றால் இல்லை. "பதினாலாம் தேதியோட அங்க தடை முடியுது சார். அங்க ரெண்டு மாசம் போய்ட்டு, ஆகஸ்டுக்கு இங்க வந்துருவேன்" என்றான். தடை மீனுக்குத்தான், அவனுக்கு ஓய்வு கிடையாது. கையில் ஒரு பை. நங்குக் கருவாடு, அம்மாவுக்காம். இந்த அளவு நாக்கு மீன் ஊரில் இப்போது கிடைப்பதில்லையாம்.

போன வாரம் என் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. இருக்கிற படகில் எஞ்சினை மாற்ற வேண்டும், இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு குதிரைத்திறன், சீனத் தயாரிப்பு. விண்ணப்பக்காரர் முப்பது வயதுக்காரர். போன வருஷக் கணக்கு பிரமாதமாக இருக்கிறது. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு மணி நேரம் பேசினேன். எஞ்சினைச் சின்னதாக்கினால் தவணை எவ்வளவு குறையும், டீசல் எவ்வளவு குறையும் என்று தாளில் போட்டுக் காட்டினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஆனால் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டு வளர்ச்சிக் கட்டத்தில் பூஜ்யம் என்று போட்டு மேலே அனுப்பினேன்.

இரண்டு நாளில் கோப்பு திரும்பி வந்தது. அந்தக் கட்டத்தைச் சுற்றி பென்சிலில் ஒரு வட்டம், பக்கத்தில் 'எழுத்துப் பிழையா?' என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதி மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.